வடசென்னையின் பர்மா தமிழர்கள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து பர்மாவுக்குச் (இன்றைய மியான்மர்) சென்று குடியேறி, 1960களில் பெருந்தொகையாகத் தமிழகம் திரும்பியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் பர்மா தமிழர்கள் எனப்படுகின்றனர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடி, திருவொற்றியூர், சாத்தாங்காடு, சடையங்குப்பம், எர்ணாவூர், எண்ணூர் என நீளும் வடசென்னைப் பகுதியில் நிலைபெற்றனர். இப்பகுதியில் வழங்கும் ‘பர்மா நகர்’ என்ற பெயர் அந்த வரலாற்றின் அடையாளமாகும்.

இவர்கள் ஒரே சாதியினரோ ஒரே மாவட்டத்தாரோ அல்லர். வணிகர், கணக்கர், உழவர், துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளர்கள் எனப் பலரும் இவர்களில் அடங்குவர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் ஆகிய மூன்று சமயத்தாரும் உண்டு. ஒரு நாட்டை விட்டு வெளியேற நேர்ந்ததும், வந்த இடத்தில் ‘பர்மாக்காரர்’ என்று அழைக்கப்பட்டதும் சேர்ந்தே இவர்களை ஒரு சமூகமாக ஆக்கின.

பர்மாவுக்குச் சென்ற வரலாறு

1824 முதல் 1885 வரை நடந்த மூன்று போர்களின் வழியாக ஆங்கிலேயர் பர்மா முழுவதையும் கைப்பற்றினர். 1886இல் அது பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடுகள் திருத்தப்பட்டு நெல்வயல்கள் பெருகின. அரிசி ஆலைகளுக்கும் இரங்கூன் துறைமுகத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஒரே அரசின் கீழ் இருந்ததால் கப்பல் கட்டணம் செலுத்த முடிந்தவர் எவரும் சென்னையிலிருந்து இரங்கூனுக்குச் செல்ல முடிந்தது. கட்டணம் இல்லாதவர்களுக்கு மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றனர். அந்தக் கடனை அடைக்கவே பலருக்கு ஆண்டுகள் ஆயின.

நகரத்தார் சமூகத்தினர் பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் முன்னணியில் இருந்தனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்ந்தனர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே. தெலுங்கர், வங்காளிகள், ஒடியர் ஆகியோருடன் தமிழர்களும் இதில் அடங்குவர். அங்கே தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் இதழ்களும் தோன்றின. ஏ. கே. செட்டியார் ஆசிரியராக இருந்த ‘தனவணிகன்’ இரங்கூனில் வெளிவந்த இதழ்களில் ஒன்று. 1954ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் பர்மா சென்றார். உலக பௌத்த மாநாட்டை ஒட்டி அம்பேத்கரும் அப்போது இரங்கூன் வந்திருந்தார்.

மோதல்களும் முதல் வெளியேற்றமும்

1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனங்கள் பர்மியரை வேலைக்கு எடுத்தன. வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர் நீக்கப்பட்டனர். அதிலிருந்து எழுந்த கலவரத்தில் ஏராளமான இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். கூலியைக் குறைக்க இரு ஏழைத் தரப்பினரை மோதவிட்ட முறை இனப்பகையாக மாறியது.

அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத உழவர்களின் நிலங்கள் செட்டியார் நிறுவனங்களின் கைக்கு மாறின. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை, 1937இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலத்தை இழந்த உழவரின் சினம், நிலமோ பணமோ இல்லாத தமிழ்க் கூலிகள் மீதும் திரும்பியது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1938இல் மீண்டும் கலவரம் வெடித்தது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. அதைத் தொடர்ந்த மாதங்களில் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தனர். போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்கே திரும்பிச் சென்றனர். அவர்களின் வீடும் தொழிலும் அங்குதான் இருந்தன.

1960களில் நிகழ்ந்த திரும்புதல்

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கிகள், ஆலைகள், மொத்த வணிகம், சில்லறைக் கடைகள் ஆகியவை அடுத்தடுத்து நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கையில் இருந்த சேமிப்பும் இதனால் மதிப்பிழந்தது. வெளியேறுவோர் எடுத்துச் செல்லும் பணத்துக்கும் நகைக்கும் கடும் கட்டுப்பாடு இருந்தது.

இந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். அரசு ஆவணங்கள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறிப்பிட்டன. ஆனால் வந்தவர்களில் கணிசமானோர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தாத்தாவின் ஊரை அவர்கள் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்தனர். ஊரில் நிலமோ வீடோ இல்லாத குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு கிராமமும் இல்லை. இலங்கை மலையகத் தமிழர் விஷயத்தில் 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. பர்மா தமிழருக்கு அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை.

மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் வீட்டுக்கடன், தொழிற்கடன், குடியிருப்பு மனைகள் ஆகியவை வழங்கப்பட்டன. தஞ்சாவூர், காரைக்குடி உட்படப் பல ஊர்களில் பர்மா காலனிகள் உருவாயின. 1969 நவம்பரில் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியாக ‘ரெப்கோ’ தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் அமைந்தது. கப்பல்கள் வழியாக வந்த வெளிநாட்டுப் பொருள்களின் விற்பனையால் அது 1990கள் வரை தமிழகமெங்கும் அறியப்பட்ட சந்தையாக விளங்கியது.

வேறு சிலர் மீண்டும் பர்மா செல்ல முயன்று மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டனர். அவர்கள் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்டனர். அங்கு இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உள்ளன.

வடசென்னையில் குடியேற்றம்

வடசென்னை துறைமுகத்துக்கு அருகில் இருந்தது. கூலி வேலை கிடைத்தது. நிலத்தின் விலையும் குறைவு. ஆனால் கிடைத்த நிலம் பெரும்பாலும் தாழ்வானது. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம் ஆகியவற்றின் வெள்ளம் பரவும் சமவெளி அது.

குடியிருப்புகள் உருவான அதே ஆண்டுகளில் அவற்றைச் சுற்றித் தொழிற்சாலைகளும் எழுந்தன. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும், மணலி உர ஆலை 1971இலும் உற்பத்தியைத் தொடங்கின. பின்னர் ஜார்ஜ் டவுன் இரும்பு வணிகர்களை இடம் மாற்றும் நோக்கில் சாத்தாங்காட்டில் இரும்பு எஃகு அங்காடி அமைக்கப்பட்டது. சுமை தூக்குதல், லாரித் தொழில், ஒப்பந்தக் கூலி வேலை என இந்த ஆலைகளும் கிடங்குகளும் வாழ்வாதாரம் தந்தன. அவற்றின் புகையும் கழிவும் இதே குடியிருப்புகளையே சூழ்ந்தன.

பண்பாட்டு அடையாளம்

பர்மாவிலிருந்து கொண்டுவர முடிந்தவை உணவும் வழிபாடும் மொழிச் சொற்களுமே. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிநீர் ஆகியவற்றைக் கையால் பிசைந்து தரும் ‘அத்தோ’, பர்மிய மொழியில் கலவை உணவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வாழைத்தண்டு சேர்த்த மொகிங்காவும் மொறுமொறுப்பான பேஜோவும் தள்ளுவண்டிகள் வழியே வடசென்னையின் பொது உணவாயின. பர்மாவில் வணங்கிய அங்காள பரமேஸ்வரிக்கும் பீலிக்கான் முனீஸ்வரருக்கும் இங்கு கோயில்கள் எழுந்தன. முன்பு தமிழகத்துத் தெய்வங்கள் பர்மா சென்றன. இப்போது அவை பர்மிய ஊர்ப்பெயரைத் தாங்கித் திரும்பி வந்தன.

உரிமைப் போராட்டங்கள்

முதல் தலைமுறையின் கோரிக்கைகள் கடன் தள்ளுபடி, மனைப்பட்டா, பர்மாவில் விட்டுவந்த சொத்துக்கு இழப்பீடு என்பனவாக இருந்தன. இவை ‘தாயகம் திரும்பியோர்’ என்ற தகுதியை முன்வைத்து எழுந்தவை. அடுத்த தலைமுறைகளின் போராட்டம் வேறு தளத்துக்கு நகர்ந்தது.

பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் திறக்கப்படும் ஆண்டுகளில் சடையங்குப்பம், அதை அடுத்த பர்மா நகர், இருளர் காலனி ஆகியவை வெள்ளத்தால் சூழப்படுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்துடன் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வீடுகளிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், பர்மா நகர் மக்கள் இருட்டில் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஆலையை நிரந்தரமாக மூடக் கோரி 33 மீனவ கிராமங்களும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளும் நடத்திய போராட்டம் நூறு நாள்களைக் கடந்தது. மீனவர்களும் பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அதில் ஒரே கோரிக்கையுடன் அமர்ந்தனர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்நிறுவனத்துக்கு 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது.

வரலாற்று முக்கியத்துவம்

பர்மாவில் இவர்கள் ‘கலா’ (வெளிநாட்டவர்) எனப்பட்டனர். தமிழகத்தில் ‘பர்மாக்காரர்’ எனப்பட்டனர். இரண்டு பெயர்களும் இவர்கள் வேறிடத்தைச் சேர்ந்தவர்கள் என்றே சொல்லின. மூன்றாம் தலைமுறையினர், தாங்கள் வாழும் மண்ணின் காற்றுக்கும் நீருக்கும் உரிமை கோருவதன் மூலம், அந்த இரண்டு பெயர்களுக்கும் அப்பால் எண்ணூர்வாசிகள் என்ற அடையாளத்தைப் பெற்றுள்ளனர். ஒரு சமூகத்தின் அடையாளம் அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சார்ந்ததல்ல; எந்த இடத்தைக் காக்க அது நிற்கிறது என்பதையும் சார்ந்தது என்பதை வடசென்னைப் பர்மா தமிழர்களின் வரலாறு காட்டுகிறது.