ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: உள்ளூர்க் குழுக்கள்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) என்பது குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் தன்னுதவி இயக்கம். சுமார் 180 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்குகின்றன. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. சந்தா, வருகைப் பதிவேடு எதுவும் கிடையாது. முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. குடித்தது ஊருக்கே தெரிந்திருந்தாலும், நிறுத்தப் பார்ப்பது மட்டும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று கூசுகிறவருக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல். ஆனால் அதே ஏற்பாட்டால், பக்கத்துத் தெருவில் குழு கூடினாலும் தேடுகிறவர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை.

இயக்கமே ஒரு தேடலில்தான் பிறந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், 1935 மே மாதம் தொழில் விஷயமாக ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு வந்திருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, இயக்கம் தொடங்கிய நாள். அடுத்து இருவரும் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனார்கள். குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளை வகுத்துச் சொன்ன நூல் 1939இல் வெளிவந்தது. அதன் தலைப்பே இயக்கத்தின் பெயராக நிலைத்தது. இந்தியாவில் ஏ.ஏ. 1957இல் தொடங்கியது.

கூட்டம் பெரும்பாலும் மாலை வேளையில், தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று அறிவித்து, குடித்த காலத்தையும் இப்போதைய நாட்களையும் பேசுவார்கள். குறுக்குக் கேள்வியோ அறிவுரையோ கிடையாது. பேச மனமில்லாதவர் கேட்டுக்கொண்டு இருக்கலாம். ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்ற சத்தியத்தை இங்கே யாரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதே இலக்கு. கோயிலில் சத்தியம் செய்து மறுவாரமே முறித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கின் அருமை புரியும். புதியவருக்கு ஸ்பான்சர் என்ற மூத்த உறுப்பினர் வழித்துணை ஆவார். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அவரைத் தொலைபேசியில் கூப்பிடலாம். செலவுக்கு உறுப்பினர்களிடையே காணிக்கை திரட்டுவார்கள். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை.

விளம்பரம் தேடக் கூடாது என்பது இயக்கத்தின் மரபு. அதனால் உள்ளூர்க் குழுவை அறிய நம்பகமான ஒரு வழி, குடிநோயாளிகள் வந்துபோகும் இடங்களில் விசாரிப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை போன்ற சிகிச்சை மையங்களிலும் கேட்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416 ஆகியவை கட்டணமில்லாதவை. கூட்டங்களில் இரு வகை உண்டு: திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பார்ப்பது தவறில்லை. குழுவுக்குக் குழு முகமும் பேச்சும் மாறும்.

கட்டணம் வாங்கி ஆளைத் தங்கவைக்கும் ‘மறுவாழ்வு மையம்’ வேறு, ஏ.ஏ. வேறு. அத்தகைய மையங்கள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேர்க்கும் முன் பதிவைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

ஏ.ஏ. மருத்துவச் சிகிச்சையும் அல்ல. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களில் நடுக்கமும் காய்ச்சலும் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் சேர்ந்த ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ நிலை வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே இத்தகையவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூட்டங்களால் பயன் உண்டா என்பது நெடுநாள் விவாதம். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.யோடு இணைக்கும் முறைப்படியான சிகிச்சைகள் அடியோடு குடியை விடச் செய்வதில் பிற சிகிச்சைகளைவிடச் சிறப்பாகச் செயல்பட்டதாகக் கண்டது. ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பேச்சு பலருக்கு ஒட்டுவதில்லை. அவரவர் கருதும் கடவுள் என்று இயக்கம் விளக்கினாலும் அந்த நெருடல் நீங்கவில்லை. சமய நோக்கு இல்லாத ஸ்மார்ட் ரிக்கவரி அமைப்பு 1994இல் தொடங்கியது. அதன் கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கின்றன.

குடும்பத்தாருக்கென அல்-அனான் 1951இல் வில்சனின் மனைவி லோயிஸின் முயற்சியால் அமைந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் வந்தது. குடிக்கிறவர் ஏ.ஏ.வுக்கு வர மறுத்தாலும் அவர் மனைவியோ தாயோ அல்-அனான் கூட்டத்துக்குத் தனியே போகலாம். வீட்டில் யார் குடிக்கிறார் என்பதைக்கூட அங்கே பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.