பூமியின் உப்பு



ஆரவாரமின்றி நேர்மையாய் வாழும் எளியவரை ஆங்கிலத்தில் 'சால்ட் ஆஃப் தி எர்த்', அதாவது பூமியின் உப்பு, என்பர். நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் இம்மரபுத்தொடர் ஆங்கிலேயர் உண்டாக்கியதன்று. மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 5:13) நம் ஆண்டவர் தம் சீஷருக்குச் சூட்டிய பெயர் அது.

14-ஆம் நூற்றாண்டில் விக்ளிஃபின் பெயரால் வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது இடம்பெற்றது. பின்பு, ஏர் பிடிக்கும் சிறுவனும் வேதத்தை அறியவேண்டும் என வாஞ்சித்த வில்லியம் டின்டேல், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார். 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சான அந்நூல் இங்கிலாந்துக்குள் மறைவாகவே சென்றது. 1536-இல் டின்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். ஆயினும் 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் பதிப்பு அவர் சொற்களையே பெரிதும் ஏற்றது. இவ்வாறு வேதவார்த்தை வீட்டுப் பேச்சாயிற்று.

நம் நாட்டில் சீகன்பால்கு பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று அறிந்திருந்த நம் முன்னோர்க்கு உப்பின் உவமை அந்நியமாயிருந்திராது.

கிளியனூரில் வாழும் நமக்கோ, உப்பு உவமை மட்டுமன்று. அருகே மரக்காணத்தில் வெயிலில் நின்று அதை வாருகிறவர்கள் இருக்கிறார்கள். உணவில் கரைந்த உப்பைப்போல் அவர்கள் உழைப்பும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஐப்பசி மழை இறங்கினால் உப்பளத்தில் வேலையில்லை. உப்பிட்டவரை நினைப்பது மெய்யானால், அந்நாட்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்போமாக. அப்போது நாமும் அப்பெயருக்குத் தகுந்தவர்களாவோம்.