மாண்டிசோரி மழலையர் வகுப்பில் குளிர்காலச் செயல்பாடுகள்

மழை, குளிர், பனி ஆகியவற்றை ஒட்டி வரும் வேலைகளை இரண்டரை முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் தாமே செய்துகொள்ளப் பழகும் பயிற்சிகள் இவை. மாண்டிசோரி முறையில் ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள்’ என்ற பிரிவில் அடங்கும். கணக்குக்கும் எழுத்துக்கும் முன்பே குழந்தையின் கைக்கு வருபவை இவைதான். பயிற்சியின் முறை எல்லா நாட்டுக்கும் ஒன்று. பொருள் மட்டும் அந்தந்த ஊரின் பருவத்திலிருந்து வர வேண்டும்.

தமிழ் மரபு குளிரை மூன்று பெரும்பொழுதுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உறைபனி கிடையாது. வடகிழக்குப் பருவமழையும், அதன்பின் அதிகாலைப் பனியும் உண்டு. ஆகவே பனிமனிதனையும் பெங்குவினையும் அச்சடித்த தாளில் வண்ணம் தீட்டச் சொல்வது இங்குள்ள குழந்தைக்குக் குளிர்காலப் பாடம் ஆகாது. தான் ஒருநாளும் தொட்டுப் பார்க்காத ஒன்றைக் கொண்டு அது எதைப் பழக முடியும்?

மரியா மாண்டிசோரியின் முதல் குழந்தைகள் இல்லம் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6 அன்று, குளிர்காலத்தின் நடுவில், திறக்கப்பட்டது. அங்கு வந்தவர்கள் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஒருநாள் மூக்கைச் சிந்துவது எப்படி என்று மாண்டிசோரி அவர்களுக்குச் செய்து காட்டினார். கைக்குட்டையை எப்படி எடுப்பது, பிறர் கவனிக்காதபடி ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று நிதானமாகக் காட்டினார். குழந்தைகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். பின்னாளில் தம் நூலில் அவர் இதற்குக் காரணம் சொல்கிறார்: மூக்கு ஒழுகுகிறது என்று குழந்தையை எல்லாரும் ஏசுகிறார்கள், எப்படித் துடைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சளி பிடிக்கும் மாதங்களில் வகுப்பறையில் வேறெதையும்விட முதலில் வைக்க வேண்டியது இந்தப் பாடம்தான். குழந்தையின் முகம் தெரியும் உயரத்தில் ஒரு கண்ணாடி, மடித்து அடுக்கிய சிறு துணிகள், பயன்படுத்திய துணியைப் போட மூடியுள்ள கூடை, பக்கத்தில் கைகழுவத் தண்ணீர். இவ்வளவு போதும்.

தமிழ்நாட்டில் இந்த முறையை அதை வகுத்தவரே நேரில் வந்து கற்பித்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்த மாண்டிசோரி, அடையாறில் ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதும் ஆங்கிலேய அரசு மாரியோவைக் காவலில் வைத்தது; தாயின் எழுபதாவது பிறந்தநாளான 1940 ஆகஸ்ட் 31 அன்று விடுவித்தது. 1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளோடு பணியாற்றினார்கள்.

உடை அணிவதற்கு மாண்டிசோரி வகுப்பில் தனிக் கருவி உண்டு. சதுர மரச்சட்டத்தில் இரண்டு துணிகள் பொருத்தியிருக்கும். பட்டன், பிரஸ் பட்டன், கொக்கி, ஜிப், நாடா என ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு வகைப் பூட்டுதான். ஆசிரியை அதிகம் பேசாமல், ஒவ்வொரு அசைவையும் பிரித்து மெதுவாகச் செய்து காட்டுவார். பட்டன் ஒன்று மாறிப் போனால் கடைசியில் ஒரு துளை மிச்சம் நிற்கும். தவறு குழந்தைக்கே தெரிந்துவிடும். சட்டத்தில் பழகிய கை அடுத்து ஸ்வெட்டருக்குப் போகும். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரையோ மழைக்கோட்டையோ உட்புறம் மேலே தெரிய, கழுத்துப் பகுதி குழந்தையின் காலடியில் இருக்குமாறு தரையில் விரிக்க வேண்டும். குனிந்து இரு கைகளையும் உள்ளே நுழைத்து, தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் விட்டால் அது முதுகில் சரியாக விழும். மூன்று வயதுக் குழந்தையும் செய்துவிடும். “நானே போட்டுக்கிறேன்” என்று அது சொல்லும்போது பெரியவர் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. பள்ளிக்கு நேரமாகும் காலைகளில் அதுதான் கடினம்.

மழை நாட்களில் வாசலே பாடமாகிவிடும். குடையை வெளியே உதறி, விரித்துக் காயவைப்பது, கால் துடைப்பது, சிந்திய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிவது, நனைந்த துணியைக் கிளிப் மாட்டிக் கொடியில் போடுவது. கிளிப்பை அழுத்தும் விரல்களே பிறகு பென்சிலைப் பிடிக்கும்.

கார்த்திகை தீபத்துக்குத் திரி உருட்டுவதும், பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் மாண்டிசோரி வகுப்பின் பளபளப்பாக்கும் பயிற்சிக்கு நிகரானவை. நூற்பாலைகளின் ஊரான ராஜபாளையத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. விளக்கேற்றுவது மட்டும் பெரியவர் வேலை.

மார்கழி வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் நாளுக்கொன்றாக ஒலிக்கும். வாசல்தோறும் கோலம் விரியும். கோலமாவைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து இழை விடவேண்டும். குமிழ் வைத்த உருளைகளைக் கொண்டு மாண்டிசோரி பழக்க நினைத்ததும் இதே மூவிரல் பிடியைத்தான். புள்ளி வைப்பதில் எண்ணிக்கையும் இடைவெளியும் வந்துவிடும். கோடு புள்ளியைத் தொட்டதா, விலகியதா என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். தட்டில் பரப்பிய மாவில் விரலால் தொடங்கி, அடுத்து மூன்று புள்ளி, பிறகு தரையில் ஐந்து புள்ளி என்று கூட்டலாம். பூமாலையால் பெயர்பெற்ற ஆண்டாளின் ஊரில் பூக்கோப்பதையும் விட்டுவிட முடியாது. காம்புள்ள டிசம்பர்ப் பூவை முனை மழுங்கிய ஊசியில் கோப்பது நான்கு வயதுக்கு ஏற்றது. வாழைநாரில் கட்டுவதற்கு இன்னும் ஓரிரு வருடம் ஆகலாம்.

உணவுப் பயிற்சிகளும் பருவத்தைப் பின்பற்றும். மொச்சை உரிப்பது, வேகவைத்த பனங்கிழங்கின் தோலை நீக்கி நாரை இழுப்பது, நிலக்கடலை உடைப்பது எல்லாம் தை வரை கிடைக்கும் வேலைகள். கடலை சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை முழுதாகத் தின்னக் கொடுக்காமல் பொடித்துத் தருவார்கள்.

பின்பனி முடிந்து வெயில் ஏறும்போது கடைசியாக வருவது துணி துவைத்தல். இந்தப் பிரிவின் மிக நீண்ட பயிற்சிகளில் அது ஒன்று. ஐந்து வயதுக் குழந்தை சிறு தொட்டியில் நீர் நிரப்பி, சோப்புப் போட்டு, தன் ஸ்வெட்டரைக் கசக்கி, அலசி, பிழிந்து, கொடியில் விரிக்கும். மாலையில் காய்ந்ததும் கைகளை உள்ளே மடித்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடும்; அடுத்த ஐப்பசியில் அதைத் தம்பியோ தங்கையோ எடுத்துப் போட்டுக்கொள்ளும்.