தக்கைத் தூண்டில் கோல்: கிள்ளான் பள்ளத்தாக்கு ஆறுகள்

தக்கைத் தூண்டில் கோல் என்பது ஆற்றோட்டத்தில் தக்கையையும் அதன்கீழ் தொங்கும் இரையையும் மிதக்கவிட்டு மீன் பிடிப்பதற்கென அமைந்த நீண்ட, எடை குறைந்த கோல். கரையில் நின்றபடியே தக்கையைப் பத்து, இருபது மீட்டர் தொலைவுக்கு நீரின் போக்கில் ஓடவிடும் இம்முறை ஆங்கிலேயரிடையே ‘டிராட்டிங்’ எனப்படுகிறது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கேற்ற நீர் மலையடிவார ஆறுகளிலும் கழிமுகப் பகுதியிலும் கிடைக்கிறது. ஐரோப்பாவில் வழக்கமான 13 அடிக் கோல் இவ்விடங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. மீன்களில் பல ஒரே கெண்டைக் குடும்பத்தவை என்றாலும் ஆற்றின் அகலமும் மரக்கிளைகளின் உயரமும் வேறு. ஆகவே நீளத்தை ஆறும், வலுவை மீனும் முடிவு செய்கின்றன.

செயல்முறை

ஆற்றில் மேற்பரப்பு நீர் வேகமாகவும், அடிநீர் கல்லிலும் மணலிலும் உரசி மெதுவாகவும் ஓடும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது இரையை அடிநீரின் வேகத்துக்கு மீறி இழுத்துச் செல்லும், மீன் ஐயப்படும். எனவே நரம்பை லேசாகப் பிடித்துத் தக்கையைத் தாமதப்படுத்துவர். அப்போது இரை முன்னே செல்ல, தக்கை பின்தொடரும்.

கோல் நுனிக்கும் தக்கைக்கும் இடையே உள்ள நரம்பு நீரில் படிந்தால் ஓட்டம் அதை வில்போல வளைத்துத் தக்கையைப் பக்கவாட்டில் இழுக்கும். நரம்பைத் தூக்கி நிறுத்தவும், படிந்துவிட்டதை மேலோட்டத் திசைக்கு வீசிச் சரிசெய்யவும், மீன் கடித்ததும் தொலைவில் தளர்ந்து கிடக்கும் நரம்பை ஒரே வீச்சில் இழுத்து முள்ளை ஏற்றவும் நீளமான கோல் தேவைப்படுகிறது. 13 அடி (ஏறத்தாழ 4 மீட்டர்) கோலை 45 பாகைச் சாய்வில் பிடித்தால், பிடிக்கும் கையைவிட நுனி 2.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். 7 அடிக் கோலில் இவ்வுயரம் 1.5 மீட்டர்தான்.

வரலாறு

நீண்ட மூங்கில் கழையும் நாணும் இரும்பு முள்ளும் கொண்டு பாண்மகன் வாளை மீன் பிடிக்க முயலும் காட்சி சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெறுகிறது. ரீல் பொருத்தி ஓடுநீரில் தக்கையை நெடுந்தொலைவு விடும் முறை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றங்கரையில், நாட்டிங்ஹாம் நகரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அச்சில் தடையின்றிச் சுழலும் மர ரீல் இதன் அடிப்படை. 1890களில் ரெடிச் நகரின் ஆல்காக் நிறுவனம் வெளியிட்ட ‘ஏரியல்’ வகை இம்முறையின் அடையாளமாயிற்று. வட அமெரிக்கப் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீனுக்கு 13 முதல் 15 அடிக் கோலும் இவ்வாறு தடையின்றிச் சுழலும் சென்டர்பின் ரீலும் இன்றும் பயன்படுகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேர்விட்டது வேறு மரபு. தோட்டப்புறங்களில் மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மண்புழு ஆகியவற்றோடு வாய்க்காலிலும் ஈய லம்பக் (சுரங்க) குட்டையிலும் தூண்டில் போடுவது வழக்கமாக இருந்தது. மூங்கிலின் இடத்தை இன்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நீட்டுக்கோல் பிடித்துள்ளது.

ஆற்றுப் பகுதிகள்

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையைத் தாண்டி, மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு கலந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகர் வழியாக மலாக்கா நீரிணையை அடைகிறது. தலைநகர்ப் பகுதியில் இரு கரையும் சுவர் எழுப்பிய கால்வாயாக மாறிவிட்டதாலும், கலங்கல் மிகுதியாலும், மழை பெய்த சிறிது நேரத்தில் நீர்மட்டம் கிடுகிடுவென உயர்வதாலும் இங்கே தக்கை ஓட்டத்துக்கு இடமில்லை. திலாப்பியாவும், ‘ஈக்கான் பண்டாராயா’ எனப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இந்நீரைத் தாங்கி வாழ்கின்றன.

உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயர நுவாங் மலைச் சரிவுகளிலிருந்து வரும் லங்காட் ஆற்றின் மேற்பகுதி கற்கள் நிறைந்தது, குறுகலானது, நிழல் கவிந்தது. சற்று வடக்கே கோலகுபு பாரு வழியாக வரும் சிலாங்கூர் ஆறு அகலமும் வேகமும் மிக்கது. டெங்கிலுக்குக் கீழே லங்காட் சமவெளி ஆறாகி, பந்திங்கைக் கடந்து, கேரித் தீவருகே கடலில் கலக்கிறது. கிள்ளான் நகரை அடுத்த கீழ்ப்பகுதியில் கடல் ஏற்ற இறக்கம் ஓட்டத்தின் திசையையே மாற்றுகிறது. தக்கை எத்திசையில் ஓடும் என்பதை அங்கே ஓத அட்டவணைதான் சொல்லும்.

நீளம்

கிளைகள் தாழ்ந்த மலையோடைகளில் 9 முதல் 10 அடிக்கு மேற்பட்ட கோல் இடைஞ்சல். முள்ளை ஏற்றக் கோலை உயர்த்தினால் நுனி இலைகளில் சிக்கும். ஆற்றுக்குள் இறங்கி நின்று, தக்கையை நேர் கீழோட்டத்தில் விட்டால் குறைந்த நீளத்தை ஈடுகட்டலாம். சிலாங்கூர் ஆறுபோல வானம் திறந்த அகன்ற பகுதிகளுக்கு 12 முதல் 13 அடி ஏற்றது. கழிமுகத்தில் காற்று வலுப்பதால் நரம்பைத் தூக்கிப் பிடிப்பது கடினம். அங்கே 11 முதல் 12 அடியில் நுனி சற்றுத் தடித்த கோல் வசதியானது.

நீட்டுக்கோல்கள் 3.6, 4.5, 5.4 மீட்டர் போன்ற அளவுகளில் விற்கப்படுகின்றன. ரீல் இல்லாதவற்றில் தக்கை ஓடும் தொலைவு கோலின் நீளத்தோடும் கட்டிய நரம்போடும் முடிந்துவிடும். பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நரம்பு இராது. வளையங்கள் பொருத்திய நீட்டுக்கோல், இத்தாலியின் பொலோனியா பாணியில், இக்குறையைத் தீர்க்கிறது.

வளைவும் வலுவும்

கோலின் வலுவை அளக்க, நுனியை அடிப்பிடிக்குச் செங்கோணமாக வளைக்கத் தேவைப்படும் எடை கணக்கிடப்படுகிறது. இந்த எடையைப் பவுண்டில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான நரம்பின் வலு கிடைக்கும் என்பது பழைய வழக்கக் கணக்கு. 1¼ பவுண்டுக் கோலுக்கு 6¼ பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.8 கிலோ நரம்பு பொருந்தும்.

லம்பாம், தெங்காஸ் மீன்களுக்கு இந்த அளவு போதும். அடிவரை சீராக வளையும் கோல் மெல்லிய நரம்பு அறுபடாமல் காக்கும். வலுவான மீன்களுள் செபாராவ் கடித்தவுடன் வேரடிக்கும் பாறையடிக்கும் பாயும். கெலா ஓட்டத்தோடு நெடுந்தொலைவு இழுக்கும். ஆற்றில் வளரும் பாத்தின் எடையாலேயே கோலைச் சோதிக்கும். இவற்றுக்கு 4.5 முதல் 7 கிலோ நரம்பைத் தாங்கும், அடிப்பகுதி விறைத்த கோல் வேண்டும். நுனி மட்டும் வளையும் கோல் முள்ளை விரைவாக ஏற்றும் என்றாலும், கரையோரத்தில் மீன் திடீரெனத் திமிறும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது.

பொருள், வளையம், ரீல்

1970களிலிருந்து கார்பன் இழைக் கோல்கள் கண்ணாடி இழையின் இடத்தைப் பிடித்தன. நாள் முழுதும் கையில் ஏந்த வேண்டிய இம்முறைக்கு அவற்றின் இலேசான எடை பெரிய ஆதாயம். கற்களில் மோதுவதைப் பொறுக்கும் திறன் கண்ணாடி இழைக்கே அதிகம்.

ஈர நரம்பு கோலின் உடலில் ஒட்டிக்கொண்டால் தக்கையின் ஓட்டம் தடைபடும். ஆகவே உயர்ந்து நிற்கும், பீங்கான் உள்வளையம் கொண்ட வளையங்கள் விரும்பப்படுகின்றன. உப்பு நீரில் பயன்படுத்துவோர் சட்டகம் துருப்பிடிக்காத எஃகாக இருப்பதைப் பார்க்க வேண்டும். சென்டர்பின் ரீலில் ஓட்டமே நரம்பை இழுத்துக்கொள்ளும். விரல் நுனியால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் கம்பியைத் திறந்து, சுட்டுவிரலால் நரம்பை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

தக்கையும் இரையும்

கோல் எவ்வளவு எடையை வீச முடியுமோ அதற்கேற்பவே தக்கை அமையும். மெதுவான நீரில் ஒல்லியான குச்சித் தக்கையின்கீழ் சிறு ஈயக்குண்டுகளைச் சட்டைப் பொத்தான் வரிசைபோலப் பரப்பிக் கோப்பர். வேகமும் சுழலும் உள்ள நீரில் தோள் பருத்த தக்கை நிலைத்து நிற்கும். அதற்கு ஈயத்தை ஒரே இடத்தில் திரட்டி, முள்ளுக்கு அருகே சிறு குண்டு ஒன்று மட்டும் வைப்பர்.

மண்புழு, சிள்வண்டு, பிசைந்த மாவு ஆகியவை பொது இரைகள். செம்பனைப் பழத்தைக் கெலாவும் பாத்தினும் விரும்பி உண்ணும். பழத்தின் எடையைத் தாங்கப் பெரிய தக்கையும், அதை வீச வலுவான கோலும் தேவைப்படும். கழிமுகத்தில் உயிருள்ள இறாலைத் தக்கையின்கீழ் ஓடவிட்டுக் கொடுவா பிடிக்கின்றனர்.

வாங்கும்போது

கோலை முழு நீளத்துக்குப் பொருத்தி, பயன்படுத்தப்போகும் ரீலையும் மாட்டிப் பார்ப்பது முறை. பிடியில் ரீலுக்குச் சற்று முன்னே சமநிலைப் புள்ளி அமைந்தால் மணிக்கட்டு நோகாது. நுனி தாழ்ந்து தொங்கினால் எடையளவு குறைவாக இருந்தும் பயனில்லை. நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, நுனியை ஒருவர் பிடிக்க மெல்ல வளைத்தால், இணைப்புகளில் வளைவு உடைபடாமல் தொடர்கிறதா என்பது தெரியும். ஈரப்பதம் மிகுந்த காலநிலையில் கார்க் பிடியைத் துடைத்து உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் படரும். செயற்கை நுரைப் பிடிக்கு அத்தொல்லை குறைவு.

பாதுகாப்பும் சட்டமும்

பிற்பகல் இடிமழை இப்பகுதியில் அடிக்கடி நிகழ்வது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், இடி கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியிலும் நீண்ட கோலை நிமிர்த்தக் கூடாது. மேல்மலையில் மழை பெய்து திடீரெனப் பாய்ந்துவரும் வெள்ளத்தை மலாய்க்காரர் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நீர் சட்டெனக் கலங்குவதும் சருகும் குச்சியும் மிதந்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். ஆற்றுக்குள் இறங்கி நிற்போர் அக்கணமே கரையேற வேண்டும்.

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கான விதிகளை அந்தந்த மாநிலம் வகுக்கிறது. கோலகுபு பாருவை அடுத்த சிலிங் ஆறு கெலா மீன்களுக்கான காப்பகம். அங்கே தூண்டில் போட அனுமதியில்லை.