கூம்புக் குழல் தந்த வசதி

உங்கள் பிள்ளைக்கு ஆல்டோ சாக்சபோன் வாங்கப் போகிறீர்களா? பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814-இல் பிறந்த அடோல்ப் சாக்ஸ், 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி இது. அவர் நன்கறிந்த கிளாரினெட் உருளைக் குழல். ஊதுமுனையில் மூடியதுபோல் இயங்குவது. ஆகவே மேல்சுரங்களுக்குத் தாவும்போது அதிர்வெண் மும்மடங்காகிறது, விரல்வைப்பும் மாறிவிடுகிறது. சாக்ஸ் குழலைக் கூம்பாக்கினார். அதிர்வெண் இருமடங்கே ஆகிறது. அதாவது ஒரு ஸ்தாயி. விரல்வைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். (நம் நாகசுரமும் கூம்புதான்!) புதிதாகக் கற்பவனுக்கு இது பெரிய வசதி.

ஆனால் அகன்ற துளைகளை விரல் மூடாது; தோல் பதித்த மூடிகளே மூடுகின்றன. ஒன்று கசிந்தாலும் கீழ்ச்சுரங்கள் கெடும். எனவே வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு மிகத் தாழ்ந்த சுரத்தை மெல்ல ஊதச் சொல்லுங்கள். தடுமாறினால் வாங்காதீர்கள். கசியும் கருவியோடு போராடி, தன் மூச்சுதான் போதவில்லை என்று இசையையே விட்டுவிட்ட மாணவன் ஒருவனை நான் அறிவேன்.