முகமும் மூன்று ஆடிகளும்: கோபர்னின் உருவப்படச் சோதனை
ஒளிப்படக்கருவி கண்முன் உள்ளதைப் பதிவுசெய்யுமேயன்றிப் படைக்காது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவாக நிலவியது. ஆல்வின் லாங்டன் கோபர்ன் இதனை மறுத்தார். 1913இல் 'மென் ஆஃப் மார்க்' நூலில் புகழ்பெற்றோரின் உருவப்படங்களை வெளியிட்ட அவரே, 1916இல் அருவ ஒளிப்படங்களுக்கெனத் தனிக்கண்காட்சி வேண்டும் என எழுதினார்.

பின்னர் மூன்று ஆடிகளை முக்கோணமாகப் பொருத்தி, அவற்றினூடே கவிஞர் எஸ்ரா பவுண்டைப் படமெடுத்தார். 'வோர்ட்டோகிராஃப்' எனப்பட்ட இவ்வகைப் படங்கள் 1917இல் இலண்டன் கேமரா கிளப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்காட்சிக்கு முன்னுரை எழுதிய பவுண்டே, இவற்றை ஓவியத்தினும் தாழ்ந்த நிலையிலேயே மதிப்பிட்டார்.

எனினும், பன்மடங்காய்ப் பெருகிச் சிதறிய வடிவங்களுக்கிடையிலும் பவுண்டின் பக்கவாட்டு முகவரை எஞ்சி நிற்கிறது. ஆகவே, கோபர்னின் சோதனை உருவப்படத்தைக் கைவிடவில்லை; முழுமையான ஒப்புமையே உருவப்படம் என்னும் வரையறையையே தகர்த்தது எனலாம்.