தாமிரபரணிக் கரையில் எபிரேயம்

எபிரேயம் கற்கத் தொடங்கும் திருநெல்வேலிக்காரருக்கு முதல் பாடம் முழுக்கப் புதிதாக இருக்காது. இன்றைய இஸ்ரேலில் கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் பேசுகிற எபிரேயத்தில் வீடு என்பது ‘பயித்’. இன்னொரு சொல்லோடு சேரும்போது அது ‘பெத்’ ஆகிவிடும். ரொட்டிக்கு ‘லெஹெம்’. இரண்டும் சேர்ந்தால் பெத்லகேம். கிணற்றுக்கு ‘பெஎர்’ என்பார்கள். பெயெர்செபாவின் முன்பாதி அதுதான். கல்லுக்கு உரிய ‘எவென்’ எபெனேசருக்குள் இருக்கிறது. மகன் ‘பென்’ என்பதைப் பென்யமீன் சொல்லித்தருவார். புறா யோனா, தேனீ தெவோரா, பேரீச்சை தாமார். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மெஞ்ஞானபுரம் வரை பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் காணக்கூடிய பெயர்கள் இவை. இந்தப் பக்கத்துக்கு எபிரேயம் பேச்சாக வராமல் பெயராக வந்தது. அதுவும் அம்மொழி மறுபடி வீட்டுப் பேச்சாவதற்கு நெடுங்காலம் முன்பே வந்தது. இதைக் கணக்கில் எடுத்தால் அதைக் கற்கும் வழியும் மாற வேண்டும் என்பது என் கட்சி.

வந்த பாதையைப் பார்ப்போம். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் இறந்தார். எஞ்சியதை சூல்ட்சே முடித்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் இருந்த பாப்ரிஷியஸ் எபிரேய மூலத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் திரும்ப மொழிபெயர்த்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் திராவிட மாபாடியமும் எழுதினார். 1785இல் மறைந்த அவர் தமிழை வடமொழியோடு உரசிப் பார்த்தார். 1791இல் மறைந்த பாப்ரிஷியஸ் எபிரேயத்தோடு உரசிப் பார்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசுவது அரிது, பேசினால் நல்லது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கும் 1841இல் கால்டுவெல் இடையன்குடிக்கும் வந்தபோது அந்தத் தமிழ் வேதாகமமும் கூடவே வந்தது. பவர் தலைமையில் கால்டுவெல்லும் அமர்ந்து திருத்திய பதிப்பு 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றளவும் இம்மாவட்டத்துச் சீர்திருத்த சபைகளில் வாசிக்கப்படுகிறது.

இவையெல்லாம் கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் வழியாக உருமாறி வந்த பெயர்கள்தானே, இவற்றில் எபிரேயம் எங்கே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. சாலொமோன் என்ற வடிவம் கிரேக்கம் வழி வந்தது. எபிரேயர் அவரை ஷ்லோமோ என்பார்கள். ஆனால் கத்தோலிக்கரின் பழைய வழக்கை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே மோயீசன், சூசை. லத்தீனும் போர்த்துக்கீசியமும் கொடுத்தவை. தரங்கம்பாடி வழியில் வந்தவை மோசே, யோசேப்பு. எபிரேய ஒலிப்பு மோஷே, யோசெஃப். மூலத்தைப் பார்த்து எழுதிய கை இங்கே தெரிகிறது.

மிஷனரிகளை ஏன் இழுக்கிறீர்கள், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்புறம் ஆயிரம் ஆண்டுகளாக யூதர்களே இருந்தார்களே என்பது இன்னொரு கேள்வி. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில், தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில் இருக்கிறது. ஆனால் கொச்சி யூதர்கள் வீட்டில் மலையாளமே பேசினார்கள். எபிரேயம் ஜெபாலயத்தோடு நின்றது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிய பிறகுதான் அது அவர்களுக்கும் சந்தைப் பேச்சானது. மலைக்கு இந்தப்புறம் பெயர் வைக்கும் வழக்கமாக இறங்கியது வேதாகமத்தின் எபிரேயம்தான்.

வலுவான மறுப்பு வேறு: வேதாகமத்தின் எபிரேயம் பழையது, இன்றைய பேச்சுக்கு அது உதவாது என்பது. ஆனால் எபிரேயத்தை மறுபடி பேச்சுமொழியாக்க முனைந்து 1881இல் பாலஸ்தீனத்துக்குப் போன எலியேசர் பென்-யெகூதா, மறு ஆண்டு பிறந்த மகனிடம் எபிரேயம் மட்டுமே பேசி வளர்த்தார். அன்றாடச் சொற்களுக்கு அவரும் மற்றவர்களும் கைவைத்த முதல் களஞ்சியம் வேதாகமமே. எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் ஒளிரும் பொருள் ஒன்றுக்கு ‘ஹஷ்மல்’ என்று பெயர். அதைக் கவிஞர் யெகூதா லெய்ப் கோர்டோன் எடுத்து மின்சாரத்துக்குச் சூட்டினார். 1940களிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாபநாசம் அருவியை எபிரேயத்தில் விவரிக்க நேர்ந்தால் தீர்க்கதரிசியின் சொல்தான் கைகொடுக்கும். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கீம்’ மயிலைக் குறிக்கும் தமிழ்த் ‘தோகை’யே என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. இன்றைய எபிரேயத்தில் ‘துக்கி’ மயிலை விட்டுக் கிளியிடம் போய்விட்டது. பொருள் நகர்வது உண்டு, மறுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பெயர் தெரிந்தால் மொழி தெரியுமா என்று கேட்டால், தெரியாதுதான். வினைச்சொல்லும் வாக்கிய அமைப்பும் பெயர்ப் பட்டியலில் கிடைக்காது. ஆனால் எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. ஒரு வேர் பிடிபட்டால் பல சொல் கைக்கு வரும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அசரியா என்றால் கடவுள் உதவினார். எபெனேசரிலும் எஸ்றாவிலும் இருப்பது அதே வேர். இன்று இஸ்ரேலில் முதலுதவிப் பெட்டியின் மேல் ‘எஸ்ரா ரிஷோனா’ என்று எழுதியிருக்கும். தேவசகாயம் என்று தமிழில் பெயர் வைத்த கிறிஸ்தவர்களும் இதே பொருளைத்தான் நாடினார்கள்.

ஆகவே ஆங்கிலப் பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய கட்டாயம் இங்குள்ளவர்களுக்கு இல்லை. எபிரேயம் கற்க நினைக்கும் விக்கிரமசிங்கபுரத்து வாசகர் தம் தெருவிலும் வகுப்பிலும் உள்ள பெயர்களை எழுதி, ஒவ்வொன்றையும் பிரித்துப் பொருள் கேட்டு, அங்கிருந்து தொடங்கட்டும்.